கம்பு வாங்கின மாப்பிள்ளை

அத்தியாயம் 14

போன வாரம் அஜய்க்குக் கணுக்கால் பிசகியதோடு கதையை விட்டிருந்தேன். சனிக்கிழமை காலைவரை வீக்கம் வடியவில்லை.

எங்கள் அணியில் ஓடுவதற்கு மூன்று பேர்தான் மிச்சம். ஓட வேண்டியது நான்கு கட்டம்.

மறையூரில் சாயங்காலம் புறப்பட்டு, மலையேறி, மூணாறு தாண்டி, பூப்பாறையில் போய் விடியும் தொடர் ஓட்டம் அது. ஒரு வீட்டுக்கு ஒரு அணி. ஒருவரே இரண்டு கட்டம் ஓடலாம். ஆனால் அடுத்தடுத்து ஓடக்கூடாது. மைத்துனன் அருண்பாண்டி முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் தனக்கு என்று சொல்லிவிட்டான். மூன்றாவது அவன் தங்கை சிவசங்கரிக்கு. இரண்டாவது கட்டம் அவர்கள் சித்தி மகன் அஜய் ஓடுவதாக இருந்தது. தலையாற்றிலிருந்து ராஜமலை வரை. முழுக்க ஏற்றம்.

அது கற்பகத்தின் கட்டம்.

கற்பகம் என் மனைவி. முந்தைய வருஷம் ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. போன தை மாதம் எங்கள் வீட்டு அணி ஓடவில்லை. இந்தத் தையிலும் ஓடாவிட்டால் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு ரிசார்ட்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

"மாப்ளயே ஓடட்டும்" என்று மாமா சொல்லியிருந்தார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அத்தை என்னோடு பேசுவதே இல்லை. சோறு போடுவார். தட்டைப் பார்த்துக்கொண்டே போடுவார்.

*

காலையில் மாமா ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சங்கையா என்றால் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். ஃபேக்டரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அருண்பாண்டி வீட்டுக்குள் எதையோ தேடி உருட்டிக்கொண்டிருந்தான்.

"எம்மா, கம்பு எங்கம்மா?"

கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எம்மோவ்! கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. காணோம்."

கம்பு என்பது அத்தையின் மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடியின் தலையில் மட்டம் பார்க்கக் குறுக்கே வைப்பார்களே, அது. அத்தை வேலைக்குப் போன காலத்தில் வைத்திருந்ததை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக் கற்பகம் எடுத்துக்கொண்டாள். மற்ற அணிக்காரர்கள் அலுமினியக் குழாயைக் கைமாற்றுவார்கள். எங்கள் வீட்டில் இதுதான்.

"வேற கம்பு வெட்டிக்கிருவோம்லே" என்றார் மாமா.

"அது இல்லாம ஓட மாட்டேன்."

"அப்ப படுத்துத் தூங்கு."

சிவசங்கரி என் ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். மூணாறில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. வாய் சும்மா இருக்காது.

"என்ன அத்தான், இதுல சிலந்தி குடும்பம் நடத்துது. கடைசியா எப்ப ஓடுனீக?"

"ஞாபகமில்லீங்."

"இல்லீங்! அங்க வந்து மூச்சு வாங்குச்சுன்னா 'ஏனுங், கொஞ்சம் உக்காந்துக்கட்டுங்களா'ன்னு யானைட்ட கேளுங்க. கோயம்புத்தூருப் பாச கேட்டா அதுவே வழி விட்டுரும்."

"நான் கொழிஞ்சாம்பாறைங்க. கோயம்புத்தூர் இல்லை."

"எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு ஊர்லயும் ஒருத்தரும் ஏத்தம் பாத்ததில்ல."

ஷூவைத் தட்டினாள். தூசி பறந்தது. அக்கா என்னை ஓடப் பழக்கிய ஷூ என்று தெரிந்தேதான் தட்டினாள். தினமும் விடியுமுன் என்னை எழுப்பி ஃபேக்டரி வரை ஓட வைத்தவள் கற்பகம். அவள் போன பிறகு நான் ஷூவை எடுக்கவில்லை.

ஒன்று அவர்களுக்குத் தெரியாது. பாலக்காட்டில், எங்கள் ஊர்ப் பக்கம் முதலமடை பஞ்சாயத்து ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை வந்திருந்தது. தமிழ் தெரிந்தவர்களுக்கான பி.எஸ்.சி. பரீட்சை. கற்பகம் இருக்கும்போது எழுதியது. அவள்தான் விண்ணப்பம் போட்டாள், அவள்தான் படிக்க வைத்தாள். முடிவு வர இத்தனை நாள். வரும் புதன்கிழமை போய்ச் சேர வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் இல்லாத வீட்டின் முன்னறையில் இவ்வளவு நாள் எதற்குத் தங்கியிருந்தேன் என்று யாராவது கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை.

*

மறையூரில் இறங்கியதும் வெல்ல வாசனை. கரும்பு ஆலைகளில் பாகு காய்ச்சும் நேரம். ஜீப் கண்ணாடியை இறக்கினேன். கற்பகம் இந்த இடத்தில் எப்போதும் கண்ணாடியை இறக்கச் சொல்வாள். ஒரு உருண்டை வெல்லம் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். "இது கரையறதுக்குள்ள நான் வாகுவரை வளைவத் தாண்டிருவேன்" என்பாள். தாண்டியதில்லை. தலையாற்றில் ஓட ஆரம்பிக்குமுன்பே கடித்துத் தின்றுவிடுவாள்.

புறப்படும் இடத்தில் ஏழெட்டு அணிகள். ஒளிரும் பட்டை தைத்த சட்டைகள். முதுகில் ரிசார்ட் பெயர் போட்ட பையன்கள் கயிறு இல்லாமல் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். அருண்பாண்டி ஒரு சவுக்குக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பிடிக்காத மருந்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மூணாறு பஸ் வந்து நின்றது. அத்தை இறங்கினார்.

கையில் ஒயர் கூடை. கூடையில் ஃபிளாஸ்க். தலையில் மஃப்ளர். அத்தை மறையூருக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. ஓட்டத்துக்கு வந்ததே இல்லை. "பொம்பளப்புள்ள ராத்திரி ஓடுதத நான் வேற வந்து பாக்கணுமாக்கும்" என்று கற்பகத்திடம் சொல்வார். ஆனால் மறுநாள் காலை வெந்நீர் போட்டு வைத்திருப்பார்.

"என்ன பூமாரி, வீட்ட யாரு பாக்கா?" என்றார் மாமா.

"வீடு எங்கயும் ஓடிராது."

அத்தை கூடைக்குள் கைவிட்டார். சேலைத் துணியில் சுற்றிய கம்பை எடுத்து அருண்பாண்டி கையில் வைத்தார். அந்தத் துணி எனக்குத் தெரியும். பச்சையில் வெள்ளைப் புள்ளி.

"எம்மா..."

"ஓடு. கீழ போட்டியோ, தோல உரிச்சிருவேன்."

என் பக்கம் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

*

எங்கள் ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் பனி இறங்கிவிட்டால் கை நீட்டினால் கை தெரியாது. கம்பு மாற்றும் இடத்தில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். யார் யாரென்று அடையாளம் தெரியாது. அதனால் வருகிறவர் கடைசி வளைவிலிருந்தே அடுத்து ஓடுபவரின் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். காத்திருப்பவர் பதில் கொடுத்துக்கொண்டே நடுரோட்டுக்கு வர வேண்டும். குரலை வைத்துக் குரலைத் தேடிக் கம்பைக் கொடுப்பார்கள்.

பதில் சொன்னவர் கையில் கம்பு. அவ்வளவுதான் சட்டம்.

நான் கற்பகத்தை முதலில் பார்த்ததே இந்தச் சட்டத்தில்தான். பார்த்தது என்று சொல்ல முடியாது. பனி.

கோயம்புத்தூரில் எம்.காம். முடிக்கும் வருஷம். மூணாறில் வேலை பார்த்த ஒரு சிநேகிதனைப் பார்க்க வந்திருந்தேன். ராத்திரி ஓட்டம் பார்க்கலாம் என்று ராஜமலையில் கொண்டுபோய் நிறுத்தினான். டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. நான் மட்டும் ரோட்டு ஓரத்தில் நின்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "ஏ அருணு! அருணு!" என்று கத்திக்கொண்டு வந்தது. அந்த வருஷம் மூன்றாவது கட்டமும் அருண்பாண்டிக்குத்தான். அவனோ அந்த நேரம் பார்த்து டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தான். யாரும் பதில் சொல்லவில்லை. யாரோ என்னவோ கேட்கிறார்கள் என்று நான் ரோட்டில் இறங்கி, "ஏனுங்க?" என்றேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கம்பை என் கையில் அழுத்தியது. "ஓடுலே!" என்றது.

நான் ஓடினேன்.

இன்றுவரை ஏன் ஓடினேன் என்று தெரியாது. அந்தக் குரல் ஓடச் சொன்னால் ஓட வேண்டும் போலிருந்தது. தோல் செருப்பு. தோளில் தொங்கும் பை. கால் மைல் போன பிறகு அருண்பாண்டி பின்னால் துரத்தி வந்து, "யோவ், யாருய்யா நீ, கம்பக் குடுய்யா" என்று பிடுங்கிக்கொண்டான். அந்த வருஷம் எங்கள் அணியைக் கடைசி இடத்தில் போட்டார்கள்.

எங்கள் அணி என்று அப்போதே சொல்லிவிட்டேன் பாருங்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்று ஒருத்தி சிரித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் எஸ்டேட் லயத்து வீடுகளில் எனக்கு அந்தப் பெயர்தான். கம்பு வாங்கின மாப்பிள்ளை.

*

தலையாற்றில் பனி அப்படித்தான் இருந்தது.

அஜயும் நானும் முன்னதாகவே வேறு வண்டியில் வந்து காத்திருந்தோம். அருண்பாண்டிக்குப் பின்னால் மாமா ஜீப்பில் வெளிச்சம் காட்டிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் அத்தை. சிவசங்கரி மேலே ராஜமலையில்.

ரிஞ்சு என்ற பையன் விசிலோடு நின்றான். ஓட்டத்தை நடத்தும் கிளப்பின் ஆள்.

"சேட்டா, நிங்களுடெ டீமில் ஆரு ஓடும்?" என்றான். உடனே தமிழுக்கு மாறி, "யாரு ஓடுறீங்க? பேர் சொல்லணும்."

நான் ஷூ நாடாவை இழுத்துக் கட்டக் குனிந்தேன். அஜய் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, முடியலன்னா சொல்லிருங்க. நான் நொண்டிக்கிட்டாவது போறேன்."

"அந்தக் காலை வெச்சுட்டா?"

"ராஜமலைக்கு நாளான்னிக்குப் போயிருவேன்."

சிரிப்பு வந்தது. வந்ததே ஆச்சரியம். ஆனால் வாயைத் திறந்து நான் ஓடுகிறேன் என்று சொல்ல வரவில்லை. அது அவள் ரோடு. நான்கு தை மாதங்கள் பின்னால் ஜீப் ஓட்டியவன் நான். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் முதுகு தெரியும். அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக ஓடும். என் வேலை வெளிச்சம் காட்டுவது. அவள் நிழல் விழுந்த இடத்தில் என் நிழலா?

சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடியாது என்று. மாமா வந்ததும் சொல்லிவிடலாம். கூடவே முதலமடையையும் சொல்லிவிடலாம். ஒரே தடவையாக முடிந்துபோகும்.

கீழே பனியில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. ஜீப் வெளிச்சம். அதற்கு முன்னால் தடதடவென்று காலடி. அருண்பாண்டி வளைவு திரும்பினான். ஆளைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஏ கற்பகம்! கற்பகம்! வந்துட்டேன்!"

விசிலை வாய்க்குக் கொண்டுபோன ரிஞ்சு அப்படியே நின்றான். எங்கள் வீட்டுக் கதை அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும்.

காலடி நின்றுவிட்டது. அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்த வளைவில் அவன் வாயிலிருந்து வந்த பேர் அது ஒன்றுதான். களைத்த வாய்க்கு வேறு பேர் தெரியவில்லை. பனிக்குள் எங்கோ நடுரோட்டில் அவன் நிற்கிறான். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அப்புறம் அது மூச்சு வாங்குவது மாதிரி இல்லை.

ஜீப்பும் நின்றது. உள்ளே அத்தை இருப்பது நினைவுக்கு வந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

யாரும் பதில் சொல்லவில்லை. மற்ற அணியின் ஆட்கள்கூடத் தரையைப் பார்த்தார்கள். ஒரு கூப்பாடு பதில் இல்லாமல் அந்த ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

நான் ரோட்டில் இறங்கினேன்.

"ஏனுங்க" என்றேன்.

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"ஏனுங்க! இங்க இருக்கேனுங்க!"

காலடி மறுபடி கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கம்பை என் உள்ளங்கையில் அழுத்தியது. அருண்பாண்டியின் முகம் ஒரு நொடி தெரிந்தது. சின்னப் பையன் முகம்.

"மச்சான், தெரியாமக் கூப்ட்டேன் மச்சான்."

"பரவாயில்லடா. சரியாத்தான் கூப்ட்ட."

ஓடினேன்.

*

முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு அடைத்தது. சிவசங்கரி சொன்னது சரி. எங்கள் ஊரில் ஏற்றம் இல்லை.

ஜீப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. என் நிழல் எனக்கு முன்னால் விழுந்தது. பனியின் மேல் விழுந்ததால் அது தரையில் கிடக்கவில்லை, எழுந்து நின்றது. பெரிய உருவமாக எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அது என் நிழல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதன் பின்னால்தான் ஓடினேன். பழக்கம்.

அவள் ஓடும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கும். பின்னலை மடித்துச் சட்டைக்குள் விட்டுக்கொள்வாள். அது நழுவி வெளியே வந்துவிடும். மைல்கல்லைக் கடக்கும்போதெல்லாம் கம்பால் அதன் தலையில் ஒரு தட்டு. ஏன் என்று கேட்டேன். "தூங்கிட்டிருக்கும், பாவம்" என்றாள்.

ஒரு மைல்கல் வந்தது. தட்டினேன்.

லக்கம் அருவி தாண்டியதும் ரோட்டில் யானைச் சாணம். ஆவி பறந்தது. ஜீப் சட்டென்று என் பக்கத்தில் வந்து கூடவே உருண்டது. கண்ணாடி இறங்கியது.

"மாப்ள" என்றார் அத்தை.

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை.

"அது காட்டுக்குள்ள எறங்கிருச்சு. சத்தம் கேக்குது. நிக்காதீக. வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க. அவளுக்கும் இதத்தான் சொல்லுவேன், கேக்க மாட்டா."

"சரிங்க அத்தை."

"பேசாதீகங்கேன்!"

ஜீப் மறுபடி பின்னால் போய்விட்டது.

வாகுவரை வளைவு. அங்கே ரோடு தலைக்கு மேலே எழுந்து நிற்கும். கற்பகத்துக்கு அந்த இடம் ஆகாது. "அந்த எடத்துல எனக்கு உசிரே போயிரும். நீங்க ரெண்டு தடவ லைட்ட அணைச்சுப் போடுங்க. பின்னால இருக்கீகன்னு தெரிஞ்சாப் போதும், ஏறிருவேன்" என்று சொல்லியிருந்தாள். நான் அணைத்துப் போடுவேன். அவள் திரும்பாமலே கம்பைத் தூக்கிக் காட்டுவாள். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கும் அங்கேதான் கால் நின்றது. முழங்காலில் கையை ஊன்றினேன். இதற்கு மேல் இல்லை என்று தோன்றியது.

வெளிச்சம் அணைந்தது. வந்தது. அணைந்தது. வந்தது.

வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றேன் என்று நினைக்கிறேன். பிறகு திரும்பாமல் கம்பைத் தூக்கிக் காட்டினேன். ஏறினேன்.

*

ராஜமலை வளைவில் கூப்பிட வேண்டிய பேரை நூறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தப்பாக வந்துவிடக் கூடாது.

"சிவசங்கரி! ஏய் சிவசங்கரி!"

"எங்க அத்தான் போனீக இவ்வளவு நேரம்? ரிசார்ட்காரனுவ போயி, குளிச்சி, தூங்கியே எந்திரிச்சிருப்பானுவ!"

கேலி செய்கிற குரல்தான். ஆனால் கம்பை வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே விடவில்லை. அப்புறம் ஓடினாள். இறக்கத்தில் அவள் காலடி ஓசை சீக்கிரமே தேய்ந்தது.

டீக்கடைச் சுவரில் சாய்ந்து நான் வாந்தி எடுத்தேன். மாமா இறங்கி வந்து முதுகைத் தடவினார்.

"பரவாயில்ல மாப்ள. எளவு, நல்லா ஓடுனீக" என்றார். "வாங்க. புள்ள தனியா போறா, வெளிச்சம் காட்டணும்."

ஜீப்பின் பின் இருக்கையில் அருண்பாண்டி போர்வைக்குள் சுருண்டு தூங்கினான். தேவிகுளத்திலிருந்து அவன் மறுபடி ஓட வேண்டும். நான் அவன் காலை ஒதுக்கி உட்கார்ந்தேன். முன்னாலிருந்து அத்தை ஃபிளாஸ்க் மூடியில் பால் இல்லாத கட்டஞ்சாயா நீட்டினார். வெல்லம் போட்டிருந்தது. மறையூர் வெல்லம்.

சிவசங்கரி வெளிச்சத்துக்குள் வந்தாள். அவள் நிழல் முன்னால் ஓடியது.

"அந்த லைட்டு" என்றேன். "மாமாவுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"அவருக்கு என்ன தெரியும்? நாந்தான் அணைச்சுப் போடச் சொன்னேன்" என்றார் அத்தை. "ஓடிட்டு வந்து வெந்நி ஊத்திக்கிட்டே எல்லாத்தையும் சொல்லுவா. நாந்தான் கேக்காத மாதிரி இருப்பேன்."

மூடியை இடது கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். சூடு நன்றாக இருந்தது.

"முதலமடைக்கு என்னிக்குப் போறீக?"

மாமா ரோட்டையே பார்த்து ஓட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"யாருங்க சொன்னாங்க?"

"அவதான். பரீச்ச எழுதிட்டு வந்த அன்னிக்கே சொன்னா. 'எம்மா, இது கண்டிப்பாக் கெடைக்கும், நாங்க பாலக்காட்டுப் பக்கம் போயிருவோம், நீ அழக்கூடாது'ன்னா. என்னிக்கு வரும் என்னிக்கு வரும்னுதான் நான் இருந்தேன். ரெண்டு வாரமா நீங்க சோத்தப் பெசஞ்சிட்டு எந்திரிச்சிப் போறீக. வந்துருச்சின்னு தெரிஞ்சிக்கிட்டேன்."

"புதன்கிழமைங்க" என்றேன்.

"போயிட்டு வாங்க." அத்தை ஃபிளாஸ்கை மூடினார். "அடுத்த தைக்கு இப்பவே லீவு சொல்லி வச்சிருங்க. இன்னிமே அந்தக் கட்டம் ஒங்களுது. அஜய் கிஜய்லாம் வேண்டாம்."

தலையாட்டினேன். இருட்டில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

மூணாறு வெளிச்சங்கள் கீழே தெரிய ஆரம்பித்தன. அத்தை மஃப்ளரை இறுக்கிக் கட்டினார். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"மாப்ள. நான் ஒங்க மொகத்தப் பாத்து இத்தன நாளு பேசல. எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்ல."

"கேக்கோணும்னு தோணலீங்க."

"ஆஸ்பத்திரில, நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்போ, அவ எங்கிட்ட ஒண்ணு சொன்னா. ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னா." அத்தையின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "நான் சொல்லல."

மாமா வண்டியை நிறுத்தவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. முன்னால் சிவசங்கரி வெளிச்சத்தின் விளிம்புக்குப் போய்விட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"பூப்பாறை போயிச் சேரட்டும். விடியட்டும். ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்லுதேன்." பிறகு மாமாவின் தோளைத் தட்டினார். "ஏங்க, புள்ள இருட்டுல ஓடுதா. கிட்ட போங்க."

ஜீப் முன்னேறியது. சிவசங்கரி மறுபடி வெளிச்சத்துக்குள் வந்தாள்.

நான் வலது கையைப் பார்த்தேன். கம்பைக் கொடுத்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. விரல்கள் இன்னும் அதைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.